செம்பல்லிக்குத் தூண்டில் போடப் போறீங்களா? திருவனந்தபுரத்தில் படகு ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சனி, ஞாயிறுகளில் அடிக்கடி வரும் படம் ஒன்று உண்டு. அதிகாலை வெளிச்சம், ஒரு சின்னப் படகு, கையில் ரீல் பூட்டிய தூண்டில், அதன் முனையில் செம்பு நிறத்தில் பளபளக்கும் மீன். அந்த மீன் பெரும்பாலும் செம்பல்லி. படம் பிடித்தவர் பூவாறிலோ கடினங்குளம் காயலிலோ விழிஞ்ஞத்துக்கு வெளியிலோ இருந்திருப்பார். படகை ஓட்டி, இடம் காட்டி, "இங்க போடுங்க" என்று சொன்னவர் படத்தில் இருக்க மாட்டார்.

கரையோர ஆழமற்ற நீரில் ஒரு வழிகாட்டியோடு போய்த் தூண்டில் போடுவது அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பெரிய சுற்றுலாத் தொழில். அங்கே அதற்கு உரிமம், அளவு, எண்ணிக்கை என்று விதிகள் இருக்கின்றன. நம்ம ஊரில் ஆர்வம் வந்துவிட்டது, விதிகள் இன்னும் முழுதாக வரவில்லை. அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்வது மூன்று பேர்: மீன், மீனவர், நீங்கள். எப்படி என்று பார்ப்போம்.

செம்பல்லி என்பது எந்த மீன்?

மலையாளத்தில் 'செம்பல்லி' என்பது ஒரே மீனின் பெயரல்ல. சிவந்த நிறமும் கூரிய பல்லும் உள்ள ஸ்னாப்பர் குடும்பத்து மீன்கள் பலவற்றுக்கும் அந்தப் பெயர் பொருந்தும். சென்னை மீன் சந்தையில் 'சங்கரா' என்று வாங்கும் சிவப்பு மீன்களில் பலவும் இதே குடும்பம்தான். தூண்டில்காரர்கள் காயலிலும் முகத்துவாரத்திலும் தேடிப்போகும் செம்பல்லி, அறிவியல் பெயரில் லூட்ஜானஸ் அர்ஜென்டிமாகுலேட்டஸ். ஆஸ்திரேலியாவில் இதையே 'மேங்ரோவ் ஜாக்' என்கிறார்கள்.

இது பதுங்கி வேட்டையாடும் மீன். அலையாத்தி வேர், பாலத்தின் தூண், கல் கட்டு, விழுந்து கிடக்கும் தென்னை என ஏதாவது ஒரு மறைவில் இருக்கும். இரை பக்கத்தில் வந்ததும் பாய்ந்து கவ்வி, அதே வேகத்தில் மறைவுக்குத் திரும்பும். அந்த முதல் சில நொடிகளில் மீனை இழுத்து வெளியே கொண்டுவராவிட்டால் தங்கூசி கல்லில் உரசி அறுந்துவிடும். தூண்டில்காரர்களுக்கு இந்த மீன் மேல் இருக்கும் மோகத்துக்குக் காரணம் இந்தச் சண்டைதான்.

காயலில் கிடைப்பது ஏன் எப்போதும் சின்ன மீன்?

செம்பல்லி கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகக் காயலுக்கும் ஆற்றுக்கும் வருகின்றன. உப்புத் தண்ணீரிலும் நல்ல தண்ணீரிலும் வாழக்கூடிய மீன் என்பதால் ஆற்றில் வெகுதூரம் உள்ளே போய்க்கூட வளரும். சில ஆண்டுகள் கழித்து, உடல் பெருத்ததும் மீண்டும் கடலுக்குப் போய், ஆழமான பாறைத் திட்டுகளில் குடியேறும். அங்கேதான் இனப்பெருக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய மீன் இது.

ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகளின்படி, பெண் மீன்களில் பாதி முதிர்ச்சி அடையும் நீளம் அரை மீட்டருக்குச் சற்று மேல். காயலில் சாதாரணமாகத் தூண்டிலில் சிக்கும் செம்பல்லி இதைவிடச் சிறியது. அதாவது, நீங்கள் கையில் பிடித்துப் படம் எடுக்கும் மீன் பெரும்பாலும் ஒரு முறைகூட முட்டையிடாத இளம் மீன்.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. திருவனந்தபுரத்தின் முகத்துவாரங்களில் பல, வருடம் முழுக்கத் திறந்திருப்பதில்லை. மணல் திட்டு அடைத்துக்கொள்ளும், மழை வெள்ளம் வந்ததும் உடையும். இதைத்தான் இங்கே 'பொழி' என்கிறார்கள். மணக்குடிப் பொழி தெரிந்த குமரி மாவட்டக்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. பொழி அடைத்திருக்கும் மாதங்களில் காயல் ஒரு மூடிய தொட்டி மாதிரி. உள்ளே இருக்கும் செம்பல்லி கடலுக்குத் தப்ப வழியில்லை. வாரா வாரம் பத்துப் படகுகள் அதே பாலத்தடியில் தூண்டில் போட்டால், அந்த வருடத்து மீன்களில் எத்தனை கடலுக்குத் திரும்பும் என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவின் 'ரெட்ஃபிஷ்' கதை நமக்கு எதற்கு?

ஏனென்றால் இதே மாதிரி வாழ்க்கை நடத்தும் ஒரு மீனை அங்கே கிட்டத்தட்ட இழக்கப் பார்த்தார்கள்.

மெக்சிகோ வளைகுடாக் கரையில் 'ரெட்ஃபிஷ்' என்று அழைக்கப்படும் மீன், நம்ம ஊர்க் கத்தாளையின் குடும்பம். இதுவும் இளமையில் கரையோரச் சதுப்பு நீரில் வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குப் போகும். 1980களின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் புகழ்பெற்ற சமையல்காரர் பால் ப்ரூடோம், மசாலா தடவி இரும்புச் சட்டியில் கருகலாக வாட்டிய ரெட்ஃபிஷ் உணவைப் பிரபலமாக்கினார். நாடு முழுக்க உணவகங்கள் அதைக் கேட்க ஆரம்பித்தன. சுருக்கு வலைப் படகுகள் கடலில் கூட்டமாக நின்ற தாய் மீன்களை அள்ளின. சில ஆண்டுகளிலேயே நிலைமை கைமீறிப் போக, 1980களின் பிற்பகுதியில் வளைகுடாவின் கூட்டாட்சிக் கடல் எல்லையில் ரெட்ஃபிஷ் பிடிப்பதே நிறுத்தப்பட்டது. 2007-ல் அமெரிக்க அதிபரின் ஆணை ஒன்று இந்த மீனுக்குக் கூடுதல் பாதுகாப்பு தந்தது.

இன்று அங்கே ரெட்ஃபிஷ் என்பது முக்கியமாகத் தூண்டில் சுற்றுலாவின் மீன். ஆனால் அதற்கும் கணக்கு உண்டு. லூசியானா மாநிலம் 2024-ல் விதியை இறுக்கியது. ஒருவர் ஒரு நாளைக்கு 4 மீன்தான் வைத்துக்கொள்ளலாம். நீளம் 18 முதல் 27 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 46 முதல் 69 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் குஞ்சு, மேலே இருந்தால் தாய், இரண்டையும் விட்டுவிட வேண்டும். கட்டணம் வாங்கி அழைத்துப்போகும் வழிகாட்டி, தன் பங்குக்கு மீன் வைத்துக்கொள்ளவும் முடியாது.

நம்ம செம்பல்லிக்கே விதி வைத்திருக்கும் இடமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் குறைந்தபட்ச நீளம் 35 சென்டிமீட்டர், ஒருவர் வசம் 5 மீன் மட்டுமே இருக்கலாம்.

சரி, திருவனந்தபுரத்தில் வழிகாட்டி யார்?

'ஃபிஷிங் கைடு' என்ற பட்டம் இங்கே யாருக்கும் கிடையாது. ஆனால் அந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள்: தூண்டில் மீனவர்கள்.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கடற்கரை தெற்கே பொழியூரில் தொடங்குகிறது. அதற்கு அடுத்த ஊர் தமிழ்நாட்டின் நீரோடி. கோடு 1956-ல் போட்டது, கடலும் பேச்சும் அதற்கு முன்பிருந்தே ஒன்று. விழிஞ்ஞத்தில் வயதில் மூத்த மீனவரை 'அண்ணா' என்று கூப்பிட்டால் போதும், மொழி பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். கட்டுமரத்தில் தொடங்கி, 1980களில் பிளைவுட் படகுக்கும் வெளிப்பொருத்து எஞ்சினுக்கும் மாறினாலும், இந்தக் கரையில் தூண்டில் தொழில் விட்டுப்போகவில்லை. காரணம் கடலடியில் இருக்கிறது.

இங்கே கடலுக்கு அடியில் பாறைத் திட்டுகள் நிறைய. 'பார்' என்பார்கள். தூத்துக்குடிப் பக்கம் 'முத்துப் பார்' என்று சொல்வதும் இதே சொல்தான். பாரில் வலை போட்டால் கிழியும். தூண்டில்தான் வேலைக்கு ஆகும். செம்பல்லி, களவா, விளமீன், பாரை எல்லாம் அங்கே கிடைக்கும்.

தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதற்கு 'கணிச்சம்' என்ற முறை இருக்கிறது. கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் கொண்டுவருவார்கள். உதாரணமாக, முன்னால் ஒரு தேவாலயக் கோபுரம், பின்னால் ஒரு மலை முகடு. கோபுரம் மலைக்கு நேர் கீழே வந்தால் நீங்கள் ஒரு கோட்டின் மேல் இருக்கிறீர்கள். இன்னொரு திசையில் இதேபோல் இன்னொரு ஜோடி, சொல்லப்போனால் ஒரு கலங்கரை விளக்கமும் ஒரு குன்றும். இரண்டு கோடும் வெட்டும் புள்ளிதான் பார். ஜிபிஎஸ் செய்வதும் அடிப்படையில் இந்த வேலையைத்தான். என்ன, அதற்குச் செயற்கைக்கோள் வேண்டும், இவர்களுக்குக் கண்ணும் ஞாபகமும் போதும்.

கணிச்சம் எழுதி வைத்த அறிவல்ல. தகப்பன் மகனுக்குச் சொல்வது, கூடப் போய்க் கற்றுக்கொள்வது. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ராபர்ட் பனிப்பிள்ளை, தன்னுடைய 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப்' அமைப்பின் மூலம் இந்தப் பாருகளையும் மீனவர்களின் கடல் அறிவையும் பல ஆண்டுகளாக ஆவணப்படுத்தி வருகிறார். கரையில் அடுக்குமாடிகள் எழும்பும்போதும், குவாரிகள் குன்றைக் குடையும்போதும் கணிச்சத்தின் அடையாளங்கள் மறைகின்றன. கடலில் இருப்பவரின் வரைபடம் கரையில் அழிகிறது.

அரசு போட்ட செயற்கைப் பார்கள் எங்கே?

பாரின் அருமை அரசுக்கும் தெரிந்ததுதான். இந்தக் கரையில் மீனவர்களே கல்லையும் தென்னங்குற்றிகளையும் போட்டுச் செயற்கைப் பார் உண்டாக்கிய பழக்கம் உண்டு. இப்போது அது பெரிய அளவில் நடந்திருக்கிறது. பிரதான் மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ், பொழியூர் முதல் வர்க்கலை வரை 42 இடங்களில் கான்கிரீட் செயற்கைப் பார்கள் கடலில் இறக்கப்பட்டன. 2024 ஜனவரியில் விழிஞ்ஞத்தில் தொடங்கி வைக்கப்பட்ட இத்திட்டத்துக்கு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தொழில்நுட்ப உதவி தந்தது.

எண்கள் இவை: மொத்தம் 6,300 கான்கிரீட் அமைப்புகள், செலவு 13.02 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஓர் இடத்துக்கு 150 அமைப்புகள், சுமார் 31 லட்சம் ரூபாய். முக்கோணம், பூ, கிணற்று உறை என மூன்று வடிவங்கள். நோக்கம், சின்னப் படகு மீனவர்கள் டீசலும் மண்ணெண்ணெயும் செலவழித்து வெகுதூரம் போகாமல் கரைக்குப் பக்கத்திலேயே மீன் பிடிக்க வேண்டும் என்பது.

இங்கேதான் வார இறுதித் தூண்டில்காரருக்கும் ஒரு கேள்வி எழுகிறது. இது பொதுப்பணத்தில், சிறு மீனவரின் பிழைப்புக்காகப் போட்ட பார். அங்கே பொழுதுபோக்குக்குப் போகலாமா? தடை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அந்த ஊர் மீனவரைக் கேட்காமல், வேறு ஊரிலிருந்து படகு பிடித்துப்போய் அங்கே நங்கூரம் போடுவது சரியில்லை. ஊர்க்காரரின் படகில், அவருக்குக் கூலி கொடுத்துப் போவது வேறு விஷயம்.

விழிஞ்ஞத்தில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2015 டிசம்பரில் கட்டத் தொடங்கிய துறைமுகத்துக்கு 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது. 2025 மே 2-ல் பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். துறைமுகப் பணிகளால் கரை அரிக்கிறது, பாருகளும் சிப்பிப் படுகைகளும் பாதிக்கப்பட்டன என்று சொல்லி மீனவர்கள் 2022-ல் நான்கு மாதங்களுக்கு மேல் போராடினார்கள். கரை அரிப்புக்குத் துறைமுகம் காரணமல்ல என்பது நிர்வாகத்தின் நிலைப்பாடு. யார் சொல்வது சரி என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். தூண்டிலுக்குப் போகும் நீங்கள் கவனிக்க வேண்டியது, கப்பல் பாதையில் சின்னப் படகுக்கு இடமில்லை என்பது. பழைய யூட்யூப் வீடியோவில் பார்த்த இடத்துக்கே கூட்டிப்போகச் சொல்லிப் படகுக்காரரை வற்புறுத்தாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1980-ல் வந்தது. அது படகையும் வலையையும் சுற்றி எழுதப்பட்ட சட்டம். படகுக்குப் பதிவும் உரிமமும் வேண்டும். விசைப்படகு இழுவலைக்குத் தடைக்காலம் உண்டு. கேரளத்தில் அது ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள். (எல்லை தாண்டி, குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் 61 நாட்கள்.) பாரம்பரியப் படகுகளுக்கு அந்தத் தடை இல்லை.

மீனின் அளவுக்கும் கேரளம் விதி வைத்திருக்கிறது. நாட்டிலேயே முதலாவதாக 2015-ல் 14 இனங்களுக்குக் குறைந்தபட்ச நீளத்தை நிர்ணயித்து, பிறகு அதை 58 இனங்களுக்கு விரிவாக்கியது. சாளைக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14 சென்டிமீட்டர் என்பவை அதில் பிரபலமானவை. வலையில் குஞ்சு மீன் அள்ளுவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஆனால் லூசியானாவில் உள்ளதுபோல், பொழுதுபோக்குத் தூண்டில்காரர் ஒருவர் ஒரு நாளைக்கு இத்தனை செம்பல்லிதான் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பு இங்கே இல்லை. ஆகவே அந்த வரம்பை நீங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

படகு விஷயத்தில் மட்டும் சட்டம் தெளிவு. மீன்பிடிப் படகுக்கு இருக்கும் பதிவு, மீன் பிடிப்பதற்கான பதிவு. ஆட்களை ஏற்றிச் சவாரி போக அது போதாது. காயலில் பயணிகளை ஏற்றும் படகுக்கு அதற்குரிய தனிப்பதிவும் தகுதிச் சான்றும் வேண்டும். 2023 மே 7-ல் மலப்புறம் மாவட்டம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது என்று அப்போது செய்திகள் வந்தன. "எல்லாரும் போறாங்க, ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் தானூரை நினைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போகலாம், எப்போது கூடாது?

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. அந்த மாதங்களில் கடல் பக்கம் பொழுதுபோக்குக்குப் போக வேண்டாம். அனுபவமுள்ள மீனவர்களே உயிரைப் பணயம் வைக்கும் காலம் அது. வாமனபுரம் ஆறும் கடினங்குளம் காயலும் கடலில் சேரும் முதலப்பொழியில் மட்டும் கடந்த பல ஆண்டுகளில் 60-க்கும் மேற்பட்ட மீனவர்கள் படகு கவிழ்ந்து இறந்திருக்கிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் மிகச் சின்ன இடம். முகத்துவாரத்தில் அலை உடையும் இடமும் மணல் மேடும் நாளுக்கு நாள் மாறும்.

வானம் தெளிவாக இருந்தால் கடலும் அமைதியாக இருக்கும் என்றும் நினைக்கக் கூடாது. தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலில் எழும் புயல் அலைகள் பல நாள் பயணம் செய்து, காற்றே இல்லாத நாளில் இந்தக் கரையை அடிக்கும். மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் 'கள்ளக்கடல்'. சொல்லாமல் கொள்ளாமல் திருடன் மாதிரி வருவதால் அந்தப் பெயர். இன்று விஞ்ஞானிகளும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2024 மார்ச் 31 அன்று திருவனந்தபுரம் கரையில் கடல் ஊருக்குள் புகுந்தது இப்படித்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியிடுகிறது. போவதற்கு முந்தின நாள் இரவும், போகும் காலையிலும் அதைப் பாருங்கள்.

2017 நவம்பர் 29-30 இரவில் ஒக்கி புயல் வந்தபோது எச்சரிக்கை தாமதமாகக் கிடைத்ததால் பூந்துறை, விழிஞ்ஞம் முதல் தூத்தூர் வரை எத்தனையோ வீடுகள் ஆள் இழந்தன. அந்தக் கரையில் ஒருவர் "இன்னைக்கு வேண்டாம்" என்று சொன்னால், அதற்கு மேல் பேரம் பேசாதீர்கள்.

பிடித்த மீனை விடுவதா, வைத்துக்கொள்வதா?

இடத்தைப் பொறுத்தது.

காயலில் பிடித்தால் விடுவது நல்லது, விட்டால் பிழைக்கவும் வாய்ப்பு அதிகம். மூன்று கொக்கித் தூண்டிலுக்குப் பதில் ஒற்றைக் கொக்கி போடுங்கள். கொக்கியின் முள்ளை இடுக்கியால் அமுக்கிவிட்டால் கழற்றுவது எளிது. கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், வறண்ட கை மீனின் மேல் இருக்கும் வழவழப்புப் படலத்தை உரித்துவிடும். கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு பிறகு மீனைத் தூக்குங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு நீங்கள் இருக்க முடிகிற நேரம்தான் மீனுக்கும் கணக்கு.

ஆழமான பாரிலிருந்து இழுத்த மீனுக்கு இது பொருந்தாது. வேகமாக மேலே வரும்போது அழுத்தம் குறைந்து, உள்ளே இருக்கும் காற்றுப்பை ஊதிப்போகும். கண் பிதுங்கும், வயிற்றுக் குடல் வாய் வழியாக வெளியே தள்ளும். அப்படியே தண்ணீரில் விட்டால் மிதந்து செத்துப்போகும். ஆகவே ஆழப் பாரில் 'பிடித்து விடுவது' என்பது மனத் திருப்திக்கு மட்டும்தான். அங்கே செய்ய வேண்டியது, இரண்டு மூன்று மீன் கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டுவது.

சாப்பிடுவதிலும் ஓர் எச்சரிக்கை. பாறைத் திட்டுகளில் வாழும் பெரிய செம்பல்லி, களவா போன்றவற்றில் சில சமயம் சிகுவாடாக்சின் என்ற நச்சு சேர்ந்திருக்கும். பாறையில் வளரும் நுண்பாசியிலிருந்து சின்ன மீனுக்கும், அதிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறி வரும் நச்சு இது. 2015-ல் திருவனந்தபுரத்திலும் 2016-ல் மங்களூருவிலும் செம்பல்லி சாப்பிட்டவர்கள் கூட்டமாகப் பாதிக்கப்பட்டது, இந்தியாவில் இவ்வகை நச்சுப் பாதிப்பு பற்றிப் பதிவான முதல் நிகழ்வுகள். வாந்தி, வயிற்றுப்போக்கு, வாயைச் சுற்றி மரத்துப்போதல், குளிர்ந்த பொருள் சுடுவதுபோல் தோன்றுதல் ஆகியவை அறிகுறிகள். வேகவைத்தாலும் பொரித்தாலும் ஃப்ரீசரில் வைத்தாலும் இது அழியாது. தலையிலும் ஈரலிலும் அதிகம் சேரும். மிகப் பெரிய செம்பல்லி கிடைத்தால் தலைக்கறி ஆசையைக் கொஞ்சம் அடக்குவது உடம்புக்கு நல்லது.

லொக்கேஷன் ஷேர் பண்ணலாமா?

சின்னக் கேள்வி மாதிரித் தெரியும். இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது இதுதான்.

ஒரு தூண்டில் மீனவரிடம் இருக்கும் சொத்து என்ன? படகுக்குக் கடன் இருக்கும், எஞ்சினுக்குத் தவணை இருக்கும். முழுசாக அவருடையது என்று சொல்லக்கூடியது, அவர் அப்பாவிடமிருந்து வாங்கிய கணிச்சம். உங்கள் போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவாகிவிடும். அதை ஒரு ரீல்ஸில் போட்டால், அடுத்த வாரம் எக்கோ சவுண்டர் பொருத்திய பெரிய படகுகள் அங்கே வந்து நிற்கலாம். உங்களைக் கூட்டிப்போன அண்ணன் ஒரு நாள் கூலிக்குத் தன் தலைமுறைச் சொத்தை இழந்திருப்பார். அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

ஒரு மென்பொருள் நிறுவனம் தன் கோடை வெளியே விட்டால் வழக்குப் போடும். கணிச்சத்துக்கு அப்படி ஒரு சட்டப் பாதுகாப்பு கிடையாது. படகில் ஏறியதும் போனில் லொக்கேஷனை அணைப்பது, படத்தில் கரை அடையாளங்கள் தெரியாமல் எடுப்பது, இரண்டும் நம் கையில்தான் இருக்கின்றன.

படகு ஏறும் முன்: ஒரு சரிபார்ப்புப் பட்டியல்

• படகின் பக்கத்தில் பதிவு எண் இருக்கிறதா? கேரள மீன்பிடிப் படகு எண்கள் 'ஐஎன்டி-கேஎல்' என்று தொடங்கும். காயல் சவாரி என்றால் பயணிகளை ஏற்ற அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

• ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். படகின் மூலையில் கட்டி வைத்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும்.

• இன்காய்ஸ், வானிலை மையம் இரண்டின் அறிவிப்பும் பார்த்தாயிற்றா? எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லியாயிற்றா? கடலில் அவசரம் என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

• கூலியை முன்பே பேசுங்கள். எரிபொருள் தனி, ஆள் கூலி தனி. மீன் கிடைக்காவிட்டாலும் கூலியில் குறைக்காதீர்கள். அவர் அன்று தன் தொழிலை விட்டுவிட்டு உங்களோடு வந்திருக்கிறார்.

• கிடைத்த மீனை என்ன செய்வது என்பதையும் பேசுங்கள். இந்தக் கரையில் படகு, ஆள் என்று பங்கு பிரிப்பது வழக்கம். வைத்துக்கொள்ளும் மீனில் முதல் பங்கு படகுக்காரருக்கு என்பது நல்ல பழக்கம்.

• அளவுகோல் ஒன்று கையில் இருக்கட்டும். சட்டம் கேட்காவிட்டாலும், காயலில் 35 சென்டிமீட்டருக்குக் குறைந்த செம்பல்லியை விட்டுவிடுங்கள். அதற்கு மேல் இருந்தாலும் ஆளுக்கு ஒன்று போதும்.

• அறுந்த தங்கூசியையும் பிளாஸ்டிக் இரையையும் தண்ணீரில் விடாதீர்கள். அது அடுத்த மீனின் கழுத்தில் மாட்டும்.

அமெரிக்காவில் மீன் தீர்ந்துபோகிற நிலை வந்த பிறகுதான் விதி வந்தது. திருவனந்தபுரத்துக் காயல்களில் அந்த நிலை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளூர்த் தூண்டில் மீனவர்களை முறையான வழிகாட்டிகளாகப் பதிவு செய்வது, அவர்களுக்குக் காப்பீடும் பாதுகாப்புப் பயிற்சியும் தருவது, செம்பல்லிக்கு அளவும் எண்ணிக்கையும் வைப்பது ஆகிய மூன்றும் மாநில மீன்வளத்துறையால் செய்யக்கூடிய வேலைகள்தான். அதுவரை, அடுத்த சனிக்கிழமை நீங்கள் போடும் படத்தில் மீனோடு சேர்த்து அந்த அண்ணனும் இருக்கட்டும், அவர் சம்மதித்தால். இடத்தின் பெயர் மட்டும் வேண்டாம்.